மலையேறும் பழைய கார்களுக்கு எந்தப் பின் ஆக்சில்?

சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் இயங்கிவந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலொட்டி வரைந்த உடல், 948 சி.சி. எஞ்சின், சந்துக்குள்ளும் திரும்பிவிடும் முன்சக்கரங்கள். பின்பக்கத்தில் மட்டும் நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் பழக்கமில்லாத ஓர் ஏற்பாடு. டிஃபரன்ஷியல் சேசிஸோடு இறுகி நிற்கும். இரண்டு பக்கத்து ஷாஃப்டுகளும் ஆளுக்கொரு கிராஸ் மூட்டு வைத்துத் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் கட்டு. ஸ்விங் ஆக்சில் என்று பெயர். ஏறத்தாழ பத்தாண்டு கழித்து அதே நிறுவனம் அதே 948 சி.சி. எஞ்சினோடு ஸ்டாண்டர்டு கெசல் என்ற காரை வெளியிட்டபோது, ஸ்விங் ஆக்சிலை விட்டுவிட்டு ஒரே துண்டான லைவ் ஆக்சிலை வைத்தது.

தமிழ்நாட்டில் ஒரு தொழிற்சாலையே தன் காரின் பின் ஆக்சிலை மாற்றிய நிகழ்ச்சி இது. எஞ்சின் பெரிதாகவில்லை, வேகம் கூடவில்லை. ஸ்விங் ஆக்சிலை வாங்குவோரும் விரும்பவில்லை, மெக்கானிக்குகளும் விரும்பவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் விரும்பாததற்கு நியாயமும் இருந்தது. வளைவில் வேகமாகத் திரும்பினால் ஸ்விங் ஆக்சிலின் வெளிச்சக்கரம் உட்பக்கமாக மடங்கப் பார்க்கும், வண்டியின் பின்பகுதி தூக்கிக்கொள்ளும். ஆள் ஏற ஏறச் சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாயும். டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். நாலு பேருக்கான காரில் ஏழு பேர் ஏறும் ஊரில் இது அன்றாடச் செலவு. கெசல் 1977 வரை குறைந்த எண்ணிக்கையில்தான் வெளிவந்தது. ஆனாலும் பழைய காருக்கு வலுவான பின் ஆக்சில் வைக்க நினைக்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது: எந்த ஆக்சில் நல்லது என்பதை எஞ்சினோடு சாலையும் சுமையும் பட்டறையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

மதுரையில் அந்தச் சாலைகளில் முக்கியமான ஒன்று காளவாசலிலிருந்து பிரிகிறது. பைபாஸ் சாலையும் தேனி சாலையும் சந்திக்கும் அந்தச் சந்திப்பைத் தாண்டி மேற்கே போனால் விராட்டிபத்து, நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி. அதுவரை சமவெளி, எந்தப் பழைய காரும் முணுமுணுக்காமல் ஓடும். ஆண்டிபட்டிக் கணவாயில்தான் முதல் ஏற்றம். தேனியைக் கடந்தபின் ஒரு வழி போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கும், இன்னொரு வழி கம்பம் பள்ளத்தாக்கு வழியாகக் குமுளிக்கும் போகிறது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் ஆண்டாண்டாகப் போய்வரும் வழி இது. கூரைமேல் கேரியர், கேரியர்மேல் இருமுடியும் பாத்திர மூட்டையும், உள்ளே எட்டு ஒன்பது பேர் என்று அம்பாசடர்கள் ஏறிய மலை. பின் ஆக்சிலின் குணம் சமவெளியில் தெரியாது, இந்த ஏற்றங்களில்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். ஓர் எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவதாகக் கொள்வோம். முதல் கியரும் பின் ஆக்சிலில் உள்ள கிரவுன் பினியனும் சேர்ந்து அதை 17 மடங்காக்கினால் பின்சக்கரங்களுக்கு 1,700 வந்து சேரும். பின்சக்கரங்கள் மேல் 600 கிலோ எடை இருக்கிறது, டயரின் பிடிப்பு 0.8, சக்கரத்தின் ஆரம் 0.32 மீட்டர் என்று வைத்தால் தரையைப் பிடித்துக்கொள்ளும் சக்தி சுமார் 1,500. அதாவது வெறும் வண்டியில் கிளட்சைப் படாரென்று விட்டால் ஷாஃப்ட் முறிவதற்கு முன் டயர் சறுக்கிவிடும். டயர்தான் இங்கே ஃபியூஸ். இனி அதே வண்டியில் ஆளும் மூட்டையும் ஏற்றிப் பின்சக்கர எடையை 950 கிலோ ஆக்குங்கள். பிடிப்பு சுமார் 2,380-க்கு ஏறிவிடுகிறது. டயர் சறுக்காது. எஞ்சின் தரும் 1,700 முழுவதும் ஷாஃப்டில் இறங்கும். ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுக்கும்போது சுழலும் ஃபிளைவீலின் வேகமும் ஓர் அடியாக வந்து சேர்ந்தால் 2,000-ஐத் தாண்டவும் செய்யும்.

அமெரிக்காவில் ஆக்சில் முறிந்த கதைகளில் பெரும்பாலும் எட்டு சிலிண்டர் எஞ்சினும் பந்தயத் தடமும் வரும். நம் ஊரில் ஆக்சிலை முறித்தது சுமைதான். 50 குதிரைத்திறன் எஞ்சின் உள்ள காரிலும் ஷாஃப்ட் முறிகிறதென்றால் காரணத்தை எஞ்சினில் தேடிப் பயனில்லை. இந்த வேறுபாட்டைப் பிடிக்காமல் வெளிநாட்டு அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பெரிய ஆக்சிலைத் தேடுவது வீண் செலவில் முடியும்.

சுமைக்கும் ஏற்றத்துக்கும் அப்பால் இன்னொரு வகை முறிவு உண்டு. அது வெறும் பராமரிப்புக் குறை. டிஃபரன்ஷியலில் ஆயில் குறைந்திருக்கும், அல்லது தவறான ஆயில் இருக்கும். ஹைபாய்ட் என்ற பல்லமைப்பில் பினியன், கிரவுன் வீலின் நடுக்கோட்டுக்குக் கீழே தள்ளி உட்காரும். 1926-இல் பக்கார்டு நிறுவனம் கார்களுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. புரொப்பல்லர் ஷாஃப்டைத் தாழ்த்தி, காரின் தளத்தையும் தாழ்த்த உதவியது. பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் செல்வதால் அதிக அழுத்தம் தாங்கும் ஹைபாய்ட் ஆயில் இல்லாவிட்டால் பற்களின் மேற்பரப்பு சிராய்ந்துவிடும். ஹவுசிங்கின் மேல் இருக்கும் சின்னஞ்சிறு பிரீதர் துளை சேறு அடைத்துப் போனால் உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கும். மெக்கானிக் சீலை மாற்றுவார். ஒரு மாதத்தில் மறுபடியும் கசியும். துளையைக் கம்பி விட்டுத் துடைத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

ஊளைச் சத்தமும் அப்படித்தான். முடுக்கும்போது ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி என்று பின்னால் கேட்டால் கிரவுன் பினியனின் இடைவெளியும் பல் பதிவும் சரியில்லை என்று பொருள். பேக்லாஷ் எனப்படும் அந்த இடைவெளி பொதுவாக 0.15 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதை அளக்க டயல் கேஜ் வேண்டும், பல்லில் வண்ணப்பசை தடவிப் பதிவைப் பார்க்கும் பொறுமை வேண்டும், ஷிம்மை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் கை வேண்டும். இவை மூன்றும் உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்தால் பழைய ஆக்சிலே இன்னும் இருபது ஆண்டு ஓடும். கையால் ஆட்டிப் பார்த்து, போதும் என்று மூடும் பட்டறையில் எவ்வளவு பெரிய ஆக்சிலை வைத்தாலும் அது ஊளையிடும். முறிந்த ஷாஃப்டை வெல்டிங் வைத்து ஒட்டித் தருகிறவர்களிடம் கொடுக்கவே கூடாது. ஷாஃப்டின் வலு அதன் வெப்பப் பதனத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதனம் கெட்டுவிடும், முறிவு அதற்குப் பக்கத்திலேயே மறுபடி வரும். அது மலையிறக்கமாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் ஆக்சிலை மாற்றியே ஆக வேண்டிய இடம் எது? எஞ்சின் மாறும்போது.

அம்பாசடரின் வரலாறே இதற்குச் சான்று. 1942-இல் பிர்லாக்கள் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து இந்தக் காரைச் செய்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் அதன் மூலம். பின்னால் அது பெற்ற 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின் ஏறத்தாழ 50 குதிரைத்திறன் தந்தது. பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைமேல் உட்காரும் பான்ஜோ வகை ஆக்சில். நடுவில் உருண்டையாக உப்பிய ஹவுசிங், அதிலிருந்து டிஃபரன்ஷியலை முன்பக்கமாக முழுதாகக் கழற்றி எடுத்துவிடலாம். எஞ்சினின் வலுவுக்கு அந்த ஆக்சில் போதும். 1990-களில் இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் ஐந்து கியர் பெட்டியோடு வந்ததும் திறன் 75-ஐ எட்டியது. பிற்பாடு இசுசு டீசலும் வந்தது. தொழிற்சாலை இறக்கியதற்கு வெளியே பட்டறைகள் இறக்கியவையும் உண்டு. டீசல் மலிவாக இருந்த காலத்தில் மெட்டடார் வேனின் எஞ்சினைப் பெட்ரோல் அம்பாசடருக்குள் இறக்கினார்கள். டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும் அடி ஷாஃப்ட் வழியே கடைசிவரை போகும். மேலே போட்ட கணக்கில் எஞ்சின் முறுக்குவிசையை 100-இலிருந்து 140 ஆக்கினால் சக்கரத்துக்கு வருவது 2,380. முழுச் சுமையோடு கிளட்சைத் தவறாக விட்டால் மட்டும் வந்த அழுத்தம் இப்போது முதல் கியரில் முழு மிதிப்பு மிதிக்கும்போதெல்லாம் வருகிறது.

இந்த நிலையில் பழைய ஆக்சிலை நம்பக் கூடாது. மாற்றாக எதைத் தேடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடுகள். முதல் தேர்வு, பின்னாளைய அம்பாசடரின் ஆக்சிலே. உடலும் ஸ்பிரிங் பட்டை அமைப்பும் அதே குடும்பம் என்பதால் வெட்டும் ஒட்டும் வேலை குறைவு. கான்டெஸாவின் ஆக்சிலைப் பலர் ஆசையோடு பார்ப்பார்கள். 1984-இல் வந்த அந்தக் கார் வாக்ஸால் விக்டரின் வழியில் பிறந்தது. அதன் பின்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கும் இணைப்புக் கைகளும்தான் இருக்கின்றன, பட்டை இல்லை. ஆகவே அம்பாசடரில் வைக்க வேண்டுமானால் பழைய கொக்கிகளை அறுத்து, பட்டை உட்காரும் புதிய பீடங்களை ஹவுசிங்கில் வெல்டிங் செய்ய வேண்டும். ஹவுசிங் குழாயில் ஒரே இடத்தில் தொடர்ந்து வெல்டிங் ஓட்டினால் சூட்டில் அது வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் அது தெரியும். தெரிந்த கை, குழாயின் உள்ளே நேரான ஒரு தண்டை நிறுத்தி, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டும்.

பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி குறைவாகவே எழுகிறது. 1089 சி.சி. எஞ்சினுக்கும் பின் ஆக்சிலுக்கும் அதில் நல்ல பொருத்தம். டீசலாக மாற்றிய பத்மினிகள் மட்டும் விலக்கு.

வேறு நாடுகளில் இந்த வேலை எப்படி நடந்தது என்று பார்த்தால், கெசலைப் போலவே தொழிற்சாலைகளே வழிகாட்டியிருக்கின்றன. இங்கிலாந்தின் எம்.ஜி.பி. விளையாட்டுக் கார் அம்பாசடரின் ஒன்றுவிட்ட உறவு. எஞ்சின் அதே பி.எம்.சி. பி வரிசையின் பெரிய வடிவம், பின்னால் பான்ஜோ ஆக்சில். 1965-இல் எடை கூடிய ஜி.டி. வடிவம் வந்தபோது குழாய் வகையான சால்ஸ்பரி ஆக்சிலை அதில் வைத்தார்கள். 1967-இல் திறந்த காருக்கும் அதுவே வந்தது. சத்தம் குறைவு, வலு அதிகம். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பழைய பான்ஜோவில் சக்கரத்தின் பேரிங் ஹவுசிங்கின் வெளிப்புறத்தில் உட்கார்ந்திருக்கும். எடையின் பெரும்பகுதியை ஹவுசிங் சுமக்கும். ஷாஃப்டின் வேலை பெரும்பாலும் சுழற்றுவதுதான். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும், வண்டி ஓடாது, அவ்வளவுதான். சால்ஸ்பரியிலும் இன்றைய கார்களின் பெரும்பாலான லைவ் ஆக்சில்களிலும் ஷாஃப்டே எடையையும் சுமக்கிறது. அது பேரிங்குக்கு வெளியே முறிந்தால் சக்கரம் கழன்று போகும். பெரியது வலுவானது என்றாலும் முறியும் விதம் ஆபத்தாக மாறிவிடலாம். ஆக்சில் தேடுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே அரிது. லாரிகளில் முழு மிதவை ஆக்சில் வைப்பதற்குக் காரணமும் இதுதான்: ஷாஃப்டை உருவி எடுத்தாலும் சக்கரம் லாரியைச் சுமந்து நிற்கும்.

ஃபோர்டு எஸ்கார்ட் கதை வேறு மாதிரி. சாதாரண எஸ்கார்ட்டின் பின் ஆக்சில் ராலிப் பந்தயத்தில் தாங்கவில்லை. அதனால் பந்தய எஸ்கார்ட்டுகளில் கேப்ரி 3.0 காரிலும் டிரான்ஸிட் வேனிலும் இருந்த அட்லஸ் ஆக்சிலை வைத்தார்கள். 1975 முதல் 1979 வரை பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியைத் தொடர்ந்து வென்றவை எஸ்கார்ட்டுகளே. சரக்கு வேனின் ஆக்சில் பந்தயக் காருக்குப் போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் இந்த இடத்தைப் பிடித்தது ஃபோர்டின் ஒன்பது அங்குல ஆக்சில். 1957 மாடல் கார்களில் வந்து 1986 வரை நீடித்தது. பினியனின் பின்முனையையும் தாங்கும் கூடுதல் பேரிங் ஒன்று அதில் இருந்ததால் கடும் அழுத்தத்தில் பினியன் விலகாது. டிஃபரன்ஷியலைத் தனியாகக் கழற்றி வேறு விகிதத்தில் ஒன்றை மாட்டலாம். அதற்கு விலையும் உண்டு: பினியன் மிகக் கீழே உட்காருவதால் பற்களின் வழுக்கல் கூடுதல், உராய்வில் வீணாகும் திறனும் சற்றுக் கூடுதல். 50 குதிரைத்திறன் காரில் அந்த இழப்பைத் தாங்க முடியாது.

இலங்கையில் மாரிஸ் மைனருக்கு இன்றும் இருக்கும் மதிப்பு தனி. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் பழுதுபார்க்கும் மையம் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990-களில் இலங்கையில் அதன் பாகங்களைச் செய்யும் முயற்சியில் கூட்டுச் சேர்ந்தார். மைனரின் எஞ்சினை 1275 சி.சி.க்கு உயர்த்துகிறவர்கள் பின்னால் மாரிஸ் மரீனா, இத்தால் கார்களின் ஆக்சிலை வைப்பது உலகெங்கும் மைனர்காரர்கள் அறிந்த வழி. தூரத்து வேற்றினத்தைத் தேடாமல் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையை எடுப்பது. அம்பாசடருக்குச் சொன்ன அதே வழி.

ஜீப்களுக்கு வந்தால் கேள்வியின் முகமே மாறிவிடுகிறது. மகிந்திரா 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்களைக் கோக்கத் தொடங்கியதிலிருந்து தேனி, போடி, கம்பம் மலையடிவாரங்களில் ஜீப்தான் ஏலக்காய்த் தோட்டங்களின் கால். ஜீப்பின் பின் ஆக்சில் வலுவுக்குக் குறைவில்லை, குறை விகிதத்தில். போர்க்கால வில்லிஸில் பின் ஆக்சில் விகிதம் 4.88. போருக்குப் பின் வந்த குடிமக்கள் ஜீப்பில் அது 5.38. உழவுக்கும் இழுவைக்கும் ஏற்ற விகிதம். நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டரைத் தாண்டினால் எஞ்சின் கத்தும். அதனால் ஜீப்காரர்கள் 4.27 போன்ற விகிதமுள்ள ஆக்சிலைத் தேடுகிறார்கள். 5.38-ஐ 4.27 ஆக்கினால் அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சி ஐந்தில் ஒரு பங்கு குறையும். சத்தமும் டீசலும் மிச்சம்.

இதில் இரண்டு கண்ணிகள். ஜீப் நான்கு சக்கர இழுவை உள்ளது என்றால் முன் ஆக்சிலும் அதே விகிதத்துக்கு மாற வேண்டும். பின்னால் 4.27, முன்னால் 5.38 என்று வைத்துக்கொண்டு நான்கு சக்கரத்தையும் இணைத்தால் இரண்டு ஆக்சில்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும். இரண்டாவது, வேகமானி. அதன் கேபிள் ஆக்சிலுக்கு முன்பிருந்தே சுழற்சியை எடுக்கிறது. பின்னால் விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 75-ஐத் தாண்டி ஓடும். ஜீப்பின் பிரேக்கை அறிந்தவர்களுக்கு அந்த 15 கிலோமீட்டர் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று புரியும். கார்களுக்கும் இது பொருந்தும். வலுவுக்காக ஆக்சிலை மாற்றுகிறவர்கள் விகிதத்தைப் பார்க்காமல் மாற்றி, ஏற்றத்தில் இழுக்காத காரையோ, சமவெளியில் கத்தும் காரையோ பெற்றுக்கொள்கிறார்கள். குமுளிக்கும் போடிமெட்டுக்கும் போகிற வண்டிக்கு நெடுஞ்சாலை விகிதம் வேண்டாம். ஐந்து கியர் பெட்டி இருந்தால் ஆக்சிலில் ஏற்ற விகிதத்தையே வைத்துக்கொண்டு சமவெளிக்கு ஐந்தாம் கியரை நம்பலாம். ஒரு சாதாரண அம்பாசடர்காரருக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை.

இனிப் பொருத்தும் வேலை. பழைய உதிரிக்கு மதுரைக்காரர்கள் கடைசியில் போய்ச் சேருவது சென்னைப் புதுப்பேட்டை அல்லது கோவை உக்கடம். ஆக்சிலை வாங்கும்முன் நாடாவோடு போய் அளக்க வேண்டும். ஒரு சக்கர முகத்திலிருந்து மறு சக்கர முகம் வரை உள்ள அகலம் முதல் அளவு. இரண்டு அங்குலம் கூடினாலும் டயர் மட்கார்டில் உரசும். அதற்காக ஹவுசிங்கை அறுத்துக் குறுக்க வேண்டி வந்தால் ஷாஃப்டையும் குறுக்க வேண்டும், அதன் பற்களைப் புதிதாக வெட்ட வேண்டும், அந்த இடத்தில் பதனத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். லேத் பட்டறைகள் பற்களை வெட்டித் தந்துவிடும். பதனம் எல்லாப் பட்டறையிலும் கிடைக்காது. அகலம் பொருந்தாத ஆக்சிலை விலை மலிவு என்பதற்காக வாங்காமல் விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து பட்டைகளுக்கு இடையிலான தூரம், சென்டர் போல்ட் துளை, சக்கர போல்ட்களின் எண்ணிக்கையும் வட்டமும். போல்ட் வட்டம் மாறினால் முன்னால் ஒரு வகைச் சக்கரம், பின்னால் வேறு வகை. ஸ்டெப்னி இரண்டில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். இரவில் பஞ்சரானால் இதன் அருமை தெரியும். பினியன் பார்க்கும் கோணம் இன்னும் நுணுக்கமானது. கியர் பெட்டியின் வெளித்தண்டும் பினியனும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் முடுக்கும்போது பினியனின் மூக்கு மேலே எழும் என்பதால் நிற்கும்போது இம்மியளவு தாழ்த்தி வைப்பார்கள். இது தவறினால் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிரும், கிராஸ் மாதாமாதம் போகும். ஆக்சில்மேல் பழி விழும். ஷாஃப்டின் நீளம் மாறியிருந்தால் வெட்டி ஒட்டியபின் பேலன்ஸ் பார்த்தே தீர வேண்டும்.

பிரேக்கை மறக்கிறவர்கள்தான் அதிகம். கனமான ஆக்சிலோடு பெரிய டிரம்மும் பெரிய வீல் சிலிண்டரும் வரும். முன்பிரேக் பழையது, பின்பிரேக் பெரியது என்றால் அவசரத்தில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி சுற்றிவிடும். மழை நனைத்த மலையிறக்கத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. பின் வீல் சிலிண்டரின் அளவைப் பழைய அளவுக்கே குறைத்து வைப்பது எளிய வழி. கைப்பிரேக் கேபிளின் நீளத்தையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கனம் என்றதும் இன்னொன்று: ஆக்சிலின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது. ஒவ்வொரு குழியிலும் அந்த எடை மேலே எம்பி இறங்கும். அளவுக்கு மீறிக் கனமான ஆக்சில், பின் இருக்கையில் உட்கார்ந்தவர்களின் முதுகைப் பதம் பார்க்கும். டயர் தரையை விட்டு எழும்பும் நேரமும் கூடும். கணக்குப்படி தேவையான வலுவுக்குக் கொஞ்சம் மேலே போதும்; லாரிக்கு உரியது காருக்கு வேண்டாம்.

இந்த வேலைகளைச் செய்யும் கைகள் மதுரைக்குப் புதிதல்ல. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களில் தொடங்கிய பஸ் தொழில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது அந்நிறுவனம் கரியில் ஓடும் கேஸ் பிளான்டுகளைச் செய்து வண்டிகளை ஓட்டியது. இருக்கும் வண்டியைத் தேவைக்கேற்ப மாற்றுவது இந்த ஊரின் பழைய தொழிலறிவு.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காரின் பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருக்கும், பின் ஆக்சிலுக்கு எண் இல்லை. அதே மாடலின் ஆக்சிலை வைப்பது பழுதுபார்ப்பு. சேசிஸை அறுத்து வேறு வண்டியின் ஆக்சிலைப் பொருத்துவது வேறு வகை. எஞ்சினையும் மாற்றியிருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி கட்டாயம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு தெரிந்தால் இழப்பீடே கேள்விக்குறியாகிவிடும்.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. விண்டேஜ் வண்டியாகப் பதிவு பெற 20,000 ரூபாய், பத்தாண்டுக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1970-களின் தொடக்கத்து ஹெரால்டும் மார்க் 2 அம்பாசடரும் இப்போது அந்த வயதைத் தொட்டுவிட்டன. பட்டை பீடத்தை அறுத்து, சேசிஸில் கொக்கி ஒட்டி ஆக்சில் மாற்றிய வண்டி அந்த வாய்ப்பை இழக்கக்கூடும். போல்ட்டைக் கழற்றி வைத்து, போல்ட்டை முடுக்கிய மாற்றம் அந்த வாய்ப்பைக் கெடுக்காது. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும் இதையே வலியுறுத்துகிறது: செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும்.

மூல வடிவமே உயிர் என்பவர்கள் ஆக்சில் மாற்றத்தை அறவே எதிர்ப்பார்கள். ஆண்டுக்கொருமுறை கண்காட்சிக்குப் போய்வரும் காருக்கு அந்த நிலைப்பாடு சரி. குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிற காரை அந்தக் கட்டளைக்குள் அடக்க முடியாது. அது ஓடினால்தான் அதைக் காப்பாற்றுவார்கள். அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுவிட்டது. ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1980-களின் இறுதியிலேயே மூடப்பட்டது. புதிய ஹவுசிங் இனி வரப்போவதில்லை. ஆகவே கழற்றிய பழைய ஆக்சிலை எடைக்குப் போடாமல், ஆயில் தடவி, துளைகளை அடைத்து, சாக்குச் சுற்றி வைத்திருப்பது அவசியம். அடுத்த உரிமையாளர் மூல வடிவத்துக்குத் திரும்ப நினைத்தால் அது வேண்டும். மாற்று ஆக்சிலின் பல் தேய்ந்தாலும் அது வேண்டும்.

மாற்று ஆக்சில் ஏறியபின் முதல் சில நூறு கிலோமீட்டர் சமவெளியிலேயே ஓட வேண்டும். புதிய கிரவுன் பினியன் தன் பதிவைத் தேடிக்கொள்ளும் காலம் அது. இடையிடையே நிறுத்தி ஹவுசிங்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம் அதிகம். யு போல்ட்டுகளை 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-இல் ஒருமுறை மறுபடி முடுக்க வேண்டும். புதுப் பட்டைகளும் பீடங்களும் அமரும்போது அவை தளர்வது இயல்பு; தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சிலே ஒரு பக்கமாக நகரும். முதல் ஆயிலை வடித்துக் காந்தத்தால் துழாவினால் உள்ளே நடப்பது தெரியும். மெல்லிய சாம்பல் பசை ஒட்டினால் பரவாயில்லை. செதில் ஒட்டினால் மறுபடி திறக்க வேண்டும். அதன்பின் ஆளை ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டிக் கணவாய் வரை போய்வரலாம். போடிமெட்டை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.